ஒளிந்துகொண்ட பத்திரிகை

தென்காசியில் ஓர் அச்சகம். அங்கே இருந்த கணினிக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை குடியிருந்தது. அதன் முழுப் பெயர் ‘பத்திரிகை கடைசி கடைசி மூன்று’. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரு வீட்டாரும் ஒன்பது நாள் முறைத்துக்கொண்டு, ஏழு முறை திருத்திய பிறகு, ஒருவழியாக எல்லாப் பெயர்களும் சமாதானமாக உட்கார்ந்திருந்தன. வேறு பிரதி கிடையாது. இது போனால் சண்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரு காலையில் பெண்ணின் தாய்மாமா ஆவுடையப்பன், பத்திரிகையில் சேர்க்கச் சொல்லி மாப்பிள்ளை பெண் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். அச்சகம் நடத்தும் மரகதம் அதைச் செருகிக்கொண்டே கேட்டாள்.

“டாக்டரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னாவளே, போனியளா அண்ணாச்சி?”

“போனா எதாவது இருக்குன்னு சொல்லிருவாவ. அதான் போகல.”

படத்தோடு டிக்கெட் வாங்காமல் ஒரு வைரஸ் கிருமியும் உள்ளே வந்தது. நேராகப் போய்ப் பத்திரிகையின் முதுகில் ஒட்டிக்கொண்டது. கணினி நொண்ட ஆரம்பித்தது. மரகதம் உடனே சோதனைக்காரரைக் கூப்பிட்டாள்.

சோதனைக்காரர் கணினியின் ஒரு மூலையில் இருப்பவர். கூப்பிட்டால்தான் எழுவார். எழுந்துவிட்டாலோ ஒரு வீடு விடமாட்டார். கையில் போக்கிரிகளின் அங்க அடையாளங்கள் எழுதிய நோட்டு இருக்கும். கட்டிவைத்த மூட்டைகளைக்கூட அவிழ்த்து உதறிப் பார்ப்பார்.

பத்திரிகைக்கு நடுக்கம் கண்டது. பக்கத்து வீட்டில் போன வருஷக் காலண்டர் இருந்தது. வேலை போய்விட்டதால் ஊர்வம்புக்கு அதனிடம் நிறைய நேரம்.

“அவரு கண்ணுல பட்டா அழிச்சிருவாரு. நீ ‘அவசரம்’ ரூமுக்குள்ள ஓடிரு. அங்க நுழையக் கூடாதுன்னு அவருக்கு உத்தரவு” என்றது காலண்டர்.

அது உண்மைதான். முகூர்த்த மாதத்தில் வேலை தடைபடுகிறது என்று மரகதமே போட்டுவைத்த உத்தரவு. பிறகு அவள் அதை மறந்தேபோனாள்.

பத்திரிகை ஓடி ஒளிந்தது. சோதனைக்காரர் எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு அந்த அறை வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு உத்தரவை மதித்துத் திரும்பிப் போனார்.

“தப்பிச்சோம்” என்றது பத்திரிகை.

“ஆமா, நல்ல எடமாப் பாத்துக் கூட்டிட்டு வந்துட்ட” என்றது முதுகிலிருந்த கிருமி. சொல்லிவிட்டு ஒரு பெயர்மேல் ஏறி உட்கார்ந்தது.

வெளியே மரகதம், ‘அவசரம்’ அறையில் கிடந்த பத்திரிகையைத் திறந்து காட்டினாள். ஆவுடையப்பன் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது.

“எம் பேரு எங்கம்மா? ஒம்பது நாள் சண்ட போட்டு வாங்குன எடம்!”

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த ரூமப் பாக்காதன்னு நாந்தான அண்ணாச்சி சொல்லி வச்சேன்!”

உத்தரவை நீக்கினாள். இந்த ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு வா என்று சோதனைக்காரரை அனுப்பினாள்.

கதவு திறந்ததும் பத்திரிகை அழுதுவிட்டது. “என்னைய அழிச்சிராதீய. வெளிய வந்தா, கிருமி இருக்குன்னு சொல்லிருவியன்னுதான் ஒளிஞ்சிருந்தேன்.”

“நான் சொல்லலன்னா அது இல்லாமப் போயிருமா?” என்றார் சோதனைக்காரர். நோட்டைப் புரட்டி அடையாளம் பார்த்தார். கிருமியின் காதைப் பிடித்துத் தூக்கிச் சிறையில் போட்டுப் பூட்டினார். கட்டங்கள் விலகி, அடியிலிருந்த எழுத்துகள் பத்திரமாகத் தெரிந்தன.

“மேல உக்காந்துதான் இருந்தான், இன்னும் திங்க ஆரம்பிக்கல. ஒரு மணி நேரம் போயிருந்தா நானும் கைய விரிச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போய்விட்டார். போகிற வழியில் காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். அது சட்டென்று மார்கழி மாதத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

“சரியாப் போச்சு அண்ணாச்சி. சீக்கிரம் பாத்ததால பொழச்சுது” என்றாள் மரகதம். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

முதல் பத்திரிகை சூடாக வந்து விழுந்தது. ஆவுடையப்பன் அதைக் கையில் எடுத்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

“மரகதம், அந்த ரத்தம் எடுக்குற எடம் காலைல எத்தன மணிக்குத் தொறக்காவ?”