இரண்டாக வெட்டிய வடம்

அன்று தோணியில் ஏறியவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது. தோணிக்காரன் காடன். அவன் தம்பி. உப்பு மூட்டைக்காரர் மூவர். வளையல் விற்கும் பெண்கள் இருவர். கைக்குழந்தையோடு ஒரு தாய். அது இரண்டு கணக்கு. சந்தைக்குப் போன கிழவர் ஒருவர். அவர் பிடித்திருந்த வெள்ளாடு ஒன்று. கடைசியாக ஏறியவள் கொற்றி. ஆட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு.

இனிக் கதையைக் கேளுங்கள்.

ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம் அது. ஆற்றின் வடகரையில் ஓர் ஊர், தென்கரையில் ஓர் ஊர். தென்கரையில் சாத்தையன் என்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரன் இருந்தான். வெற்றிலைக் கொடி கைக்குழந்தை மாதிரி. ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் முகம் வாடிவிடும். அதனால் சாத்தையனுக்கு ஓய்வு என்பதே இல்லை.

ஆனாலும் சித்திரை மாதத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு கரையிலும் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். ஆறு வற்றி நடுவில் ஓர் ஓடைதான் ஓடும். ஓடைக்கு இந்தப் பக்கம் தென்கரை, அந்தப் பக்கம் வடகரை. நடுவில் நூற்றிருபது முழ வடம். தேங்காய் நாரில் ஆண்டுதோறும் புதிதாகத் திரித்த வடம். அதன் நுனியில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு அக்கரைக்கு அனுப்புவார்கள். பிறகு இழுப்பார்கள். சிறுபிள்ளைகளுக்கு அதில் இடம் கிடையாது. அது பெரியவர்களின் விளையாட்டு.

ஒருவர் கூவுவார்: "பலம் யாரு கையில?"

மற்றவர்கள் எல்லாரும், "எங்க கையில!" என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள்.

தோற்ற கரை ஓடைக்குள் விழும். ஜெயித்த கரைக்கு ஒரு பூசணிக்காய். அதையும் ஆக்கி இரண்டு ஊரும் சேர்ந்துதான் சாப்பிடும்.

கொற்றி வடகரைப் பெண். அவள் கூவினால் கல்லும் நகரும் என்பார்கள். ஒரு சித்திரையில் அவள் கூவக் கூவத் தென்கரை முழுவதும் ஓடையில் விழுந்தது. முதலில் விழுந்தவன் சாத்தையன். வாய் நிறையச் சேற்றோடு எழுந்து சிரித்தான். அந்த ஆவணியிலேயே அவளைக் கட்டிக்கொண்டான். அதன்பின் அவள் தென்கரைக்காகக் கூவினாள். "சோத்துக்காகக் கரை மாறிட்டியேடி!" என்று அவள் அண்ணன்மார் அக்கரையிலிருந்து கத்துவார்கள். "முதல்ல வடத்தைப் பிடிங்கடா, அப்புறம் வாயைத் திறங்க!" என்பாள் அவள்.

வடம் காக்கும் பொறுப்பு சாத்தையனுக்கு வந்தது. அவன் வடத்தை எடுத்து வந்தால்தான் விளையாட்டு.

ஒரு சித்திரை வந்தது. "மாமா, வடம் திரிக்கணுமே" என்றாள் கொற்றி.

"புதுக் கொடி வச்சிருக்கேன், புள்ள. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"கொடி காலு முளைச்சு ஓடியா போயிரும்?"

அவன் வடம் திரிக்கவில்லை. ஊரும் அவரவர் வேலையைப் பார்த்தது.

மறு சித்திரை வந்தது. "மாமா, வடம் திரிக்கணுமே."

"கிணறு வெட்டுறேன், பார்க்கறேல்ல? அடுத்த வருஷம் பார்ப்போம்."

மூன்றாம் சித்திரையும் வந்தது. கிணறு முடிந்திருந்தது. மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தடித்த கயிறு வேண்டியிருந்தது. பரணில் கிடந்த பழைய வடத்தை இறக்கி, அரிவாளால் ஐம்பது முழம் வெட்டினான் சாத்தையன். கொற்றி வந்து நின்று பார்த்தாள்.

"அதையா வெட்டுறீங்க?"

"சும்மா கிடக்கிற கயிறுதானே. விளையாட்டு சோறு போடுமா?"

"சோத்துக்கா உங்களைக் கட்டிக்கிட்டேன்? வாயெல்லாம் சேறா எந்திரிச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சீங்களே, அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்."

"தண்ணி பாயட்டும், புள்ள. அப்புறம் புதுசாவே திரிச்சிடலாம்" என்றான். மிச்சம் எழுபது முழத்தைச் சுருட்டிப் பரணில் போட்டான்.

ஆடி பிறந்தது. தாய்வீட்டுக்குப் போய் வரலாம், கூட வாருங்கள் என்று அவள் அழைத்தாள். வேலை கிடக்கிறது என்றான். அவள் தனியாகத் தோணி ஏறினாள்.

மேற்கே மலையில் பெய்த மழை சொல்லாமல் வெள்ளமாக வந்தது. நடு ஆற்றில் துடுப்பு முறிந்தது. தோணி சுழன்று போய் ஆமைப்பாறையில் மோதி உடைந்தது. ஆடு குதித்து நீந்தித் தென்கரை ஏறிக்கொண்டது. மற்றப் பதினொரு பேரும் பாறைமேல் தொற்றிக்கொண்டார்கள். வடகரை வெகு தொலைவு. தென்கரைதான் கிட்ட. கிட்ட என்றாலும் நூறு முழத்துக்குக் குறையாது.

ஊர் திரண்டு ஓடிவந்தது. சாத்தையன் பரணில் கிடந்த வடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஆற்றின் மேல்பக்கம் போய், சுரைக்குடுக்கை கட்டி மிதக்கவிட்டான். பாறைக்கு எட்டவில்லை. கிணற்றுக்கு ஓடினான். கமலைக் கயிற்றை அவிழ்த்து வந்தான். தேய்ந்து தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்த கயிறு. அதை நுனியில் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டான். இப்போது எட்டியது.

முதல் முறை தாயையும் குழந்தையையும் கட்டி அனுப்பினாள் கொற்றி. கரையில் அத்தனை பேரும் இழுத்தார்கள். ஆனால் ஒருவன் இழுக்கும்போது ஒருவன் விட்டான்; ஒருவன் விடும்போது ஒருவன் இழுத்தான். மூன்று சித்திரையாக ஒரு கயிற்றைச் சேர்ந்து பிடிக்காத கைகள் அவை. தாய் முங்கி முங்கித்தான் கரை வந்தாள். குழந்தை நீலம் பாரித்துப்போய், பிறகு அழுதது.

இரண்டாம் முறை கிழவரும் வளையல்காரி ஒருத்தியும். இப்போது பாறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தென்கரையாரே! கை என்ன வாழைத்தண்டா? பலம் யாரு கையில?"

கரை காலை ஊன்றிக்கொண்டது. பிறகு, "எங்க கையில!" என்றது. ஒரே மூச்சில் இழுத்தது. இரண்டு பேரும் நனைந்த பூனை போலக் கரையில் வந்து விழுந்தார்கள். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. சாத்தையனும் சிரித்தான். இன்னும் இரண்டு இழுப்பு, அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தான்.

மூன்றாம் முறை உப்பு மூட்டைக்காரர் மூவரும் கட்டிக்கொண்டார்கள். "பலம் யாரு கையில?" "எங்க கையில!" பாதி ஆறு வந்துவிட்டார்கள். சாத்தையன் தன் உள்ளங்கையில் அதை உணர்ந்தான். வடம் சட்டென்று கனமற்றுப் போனது. கரையில் இருந்தவர்கள் மல்லாந்து விழுந்தார்கள். முடிச்சு நழுவியிருந்தது. கமலைக் கயிறும் அந்த மூன்று பேரும் ஆற்றோடு போனார்கள்.

கையில் எழுபது முழம் மிச்சம். மாட்டுக் கயிறுகளை முடிந்து பார்த்தார்கள். வெள்ளத்தில் நூல் போல அறுந்தன. இறங்கி நீந்தப் போன சாத்தையனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பாறைமேல் நான்கு பேர் நின்றார்கள்.

கொற்றி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்தாள். வடம் ஏன் எட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியாக ஒரு தரம் கூவினாள்.

"பலம் யாரு கையில?"

கரையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறு சித்திரைக்குள் கொடிக்கால் காய்ந்துபோயிற்று. சாத்தையன் தண்ணீர் விடவில்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து நூற்றிருபது முழமும் வெட்டில்லாமல், முடிச்சில்லாமல் திரித்தான். அதை ஆற்றுக்குக் கொண்டுபோனான். இரண்டு கரையும் வந்தது. இரண்டு கரையும் வடத்தைப் பிடித்தது. ஓடை ஓடும் சத்தம் கேட்டது. கூவ ஆள் இல்லை. வெயில் ஏறும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு மணலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே, வேலை முடியட்டும் என்று விளையாட்டைத் தள்ளி வைப்பவருக்கு வேலையும் முடிவதில்லை, கூட விளையாடுபவரும் காத்திருப்பதில்லை என்பதால், பெரியவர்கள் வேலை இருக்கும்போதே விளையாடிவிட வேண்டும்.

ஏறியவர் பன்னிரண்டு. ஆட்டையும் சேர்த்து, மிச்சம் ஐந்து.