மல்லிகை வாசப் புகையும் அடைத்த வளையும்

குளக்கரை வளையில் வெள்ளையம்மா என்ற முயல் குட்டி போட்டிருந்தது. ஒரே குட்டி, பேர் பஞ்சு. பிள்ளை பிறந்த வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? வாசலில் வலை கட்டியிருந்த சிலந்தியை வெள்ளையம்மா விளக்குமாற்றால் ஒரே தட்டு தட்டியது.

"ஒட்டடைக்கெல்லாம் இங்கே இடமில்லை, போ!"

அன்று சாயங்காலமே கொசுக்கள் மேளதாளத்தோடு உள்ளே வந்தன. பஞ்சுவின் பிஞ்சுக் காதெல்லாம் தடிப்பு! வெள்ளையம்மா தடிப்புகளை நக்கி நக்கிக் கொடுத்தது. காய்ச்சல் கீய்ச்சல் வந்துவிட்டால்?

எதிர்மரத்துக் குரங்கு ஒரு இலைச்சுருளோடு இறங்கி வந்தது.

"இந்தா தங்கச்சி, இதைக் கொளுத்து! கொசு ஒண்ணு தங்காது!"

"குட்டிக்கு ஒண்ணும் ஆகாதே, அண்ணே?"

"மோந்து பாரு, மல்லிகை வாசம்! மல்லிகை யாரை என்ன செய்யும்? நான் தினமும் கொளுத்துறேன். கல்லு மாதிரி இருக்கேன் பாரு!"

வெள்ளையம்மா சுருளைக் குட்டியின் தலைமாட்டிலேயே கொளுத்தி வைத்தது. அதோடு விட்டதா? நல்ல புகை வீணாகப் போகக் கூடாதே என்று முன்வாசலை மண்ணால் அடைத்தது. பின்வாசலையும் அடைத்தது.

கொசுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அப்பாடா!

கொஞ்ச நேரத்தில் பஞ்சு இருமியது. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே குழிந்தது. வெள்ளையம்மாவுக்கும் தலை சுற்றியது. செத்து விழுந்த கொசுக்களைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. சுரீரென்று உறைத்தது.

'ஐயோ, இதே புகையைத்தானே என் பிள்ளையும் குடிக்கிறது!'

மண்ணை உதைத்துத் தள்ளியது. பஞ்சுவைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. குளத்துக் காற்று முகத்தில் பட்டது. பஞ்சு தும்மியது. இன்னொரு தும்மல். பிறகு மூச்சு மெல்லச் சீரானது.

"அண்ணே! நீ இதை எங்கே கொளுத்துவே?"

"உச்சிக் கிளையிலதான்!"

"அங்கே காத்து வருமா?"

"வருமாவா? கிளையில வாலைச் சுத்திக்கிட்டுத்தான் உட்காரணும்!" சொன்ன பிறகுதான் குரங்கு தலையைச் சொறிந்தது. "அடடா, உன் வளைக்குள்ள காத்தே கிடையாதோ?"

வெள்ளையம்மா சுருளைக் குளத்தில் வீசிவிட்டு நேரே சிலந்தியிடம் போய் நின்றது.

"என்னம்மா, விளக்குமாத்தைக் காணோம்?" என்றது சிலந்தி.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வந்து வலை கட்டுங்க."

"எந்த வாசலுக்கு?"

"ரெண்டுக்கும்!"

அன்றைக்குக் காற்று தாராளமாக உள்ளே வந்தது. கொசுக்கள் வலைக்கு வெளியே நின்று பாடின. உள்ளே வரப் பார்த்தவை சிலந்திக்குச் சாப்பாடு ஆயின. பஞ்சு வயிறு முட்டப் பால் குடித்துத் தூங்கியது. அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டே வெள்ளையம்மாவும் கண்ணை மூடியது.

கொசு எது, குழந்தை எது என்று புகைக்குத் தெரியாது. வாசத்தை நம்பி வாசலை அடைக்காதீர்கள்.