தில்லைநாயகம் கண்ட முக்கோணங்கள்

தில்லைநாயகமும் பத்மாசனியும் பேராசிரியை ரெஜினாவிடம் ஒன்றாக ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய இயற்பியல்காரர்கள். இருபது வருஷம் கழித்துப் பத்மாசனி ஒரு பெரிய நானோ ஆய்வு மையத்துக்கு இயக்குநராகப் போகிறாள். தில்லைநாயகம் அதே துறையில், அதே மேஜையில்.

அவள் தயாரித்த தங்கத் துகள்கள் நிஜமாகவே உருண்டைதானா என்று சோதித்து அறிக்கை தரும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. ‘இல்லை’ என்று எழுதினால் அவளுடைய பதவி போச்சு.

அவருக்குப் பொறாமை என்று யாரும் சொல்லவில்லை. ஆண்களுக்கு அது வந்தால் ‘தரப் பரிசோதனை’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

நுண்ணோக்கியில் பிடித்த படங்களை எடுத்துக்கொண்டு ரெஜினா மேடத்தின் அறைக்கு ஓடினார்.

“பாருங்க மேடம்! உருண்டை உருண்டைன்னு ஊரெல்லாம் பேசிட்டு வந்தாளே, அத்தனையும் முக்கோணம்.”

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ரொம்ப வருத்தமா இருக்கே போல.”

“உண்மைதானே மேடம் முக்கியம்?”

“அதான் முகம் இப்படிப் பளபளக்குதா? சரி, எல்லாமே முக்கோணமா?”

“எல்லாமே.”

“எல்லாமே இடது பக்கமாவா சாய்ஞ்சிருக்கு?”

“ஆமா. அவ்வளவு மட்டமான தயாரிப்பு.”

மேடம் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். நுண்ணோக்கியைச் சரிபார்ப்பதற்கென்றே அதைச் செய்த கம்பெனி அனுப்பியது. அதிலுள்ள மணிகள் உருண்டை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

“இதையும் பாத்துட்டு வா.”

அந்த நுண்ணோக்கிக்கு லென்ஸ் இல்லை. மகா கூர்மையான ஓர் ஊசி பரப்பைத் தடவித் தடவிப் படம் வரையும். அவ்வளவுதான்.

தில்லைநாயகம் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் உட்காரவில்லை.

“இதுவும் முக்கோணம், மேடம். இடது பக்கம்.”

“அடடா. கம்பெனிக்காரனும் பத்மாவோட கூட்டா?”

“ஊசி முனை உடைஞ்சிருக்கு. நான் பார்த்ததெல்லாம் முனையோட உருவத்தைத்தான்.”

“முதல் வருஷப் பிள்ளை ஒண்ணு இந்தப் படத்தைக் கொண்டுவந்தா என்ன கேட்பே?”

“ஊசியைப் பாத்தியான்னு கேட்பேன்.”

“பிள்ளைங்களைக் கேட்பே.”

அவர் போய் ஊசியை மாற்றினார். பத்மாசனியின் துகள்களை மறுபடி வைத்துப் பார்த்தார். வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

“உருண்டை,” என்றார். “ஒவ்வொண்ணும். நான் செஞ்சா இப்படி வராது.”

மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“வயிறு எரியுது மேடம். ஊசியை மாத்திட்டேன், இது மாறலையே. நான் என்ன பண்ண?”

“எரியட்டும். சாயங்காலத்துக்குள்ள உருண்டைன்னு எழுதி அனுப்பு.”