இடது கண்ணின் படம்

"அந்த வெள்ளைப் புள்ளியை அழிக்கச் சொன்னது நீங்கதானே சார்?"

மாடிப்படி ஏறி வந்த செலின் முதலில் கேட்டது இதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தயாளன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. ஒரு கையில் கேமராப் பை. இன்னொரு கையில் நான்கு வயது மகள் மிரியம்.

தயாளனுக்கு நாற்பது வயதுதான். விளையாட்டுச் சாமான் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பார். செலினும் அவரிடம் படித்தவள்தான். அன்றைக்கு வியாழக்கிழமை, வகுப்பு இல்லை. அவரிடம் படிப்பவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். கிட்டப்போய் எடுப்பதை மட்டும்தான் அவர் கற்றுக்கொடுத்தார். முழு மனிதனை எடுத்துக்கொண்டு வந்தால், படத்தைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்துவிடுவார்.

"முழுசை எல்லாரும்தான் பாக்கிறாங்க. நீ ஒரு துண்டைப் பாரு."

அவருடைய பாடம் இந்த ஒன்றுதான்.

சுவரெல்லாம் துண்டுகள். கபடி ஆடுகிறவனின் நகத்துக்குள் மண். ஓட்டக்காரியின் கட்டைவிரல், வெள்ளைக் கோட்டைத் தொட்டும் தொடாமலும். கேரம் காயின் தேய்ந்த விளிம்பு. எறும்பின் ஒரு கால். கடைசியில் நிலா. அதுவும் முழுதாக இல்லை, ஓரத்தில் கொஞ்சம் குழிகள் மட்டும்.

படங்களைத் திருத்த அவருக்கென்று ஒரு வழி இருந்தது. மாணவர்கள் அச்சடித்துக் கொண்டுவந்ததை மேசையில் பரப்புவார்கள். அவர் நீல மெழுகுப் பென்சிலோடு சுற்றி வருவார். தூசியோ, கீறலோ, வேண்டாத பளபளப்போ தெரிந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவார். வாயைத் திறக்க மாட்டார். வட்டம் விழுந்ததைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு அடுத்த வாரம் வரவேண்டும். வட்டம் வாங்காமல் ஒரு படம் எடுத்தால் அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி என்று வகுப்பில் ஒரு பல் டாக்டர் சொல்லிவைத்திருந்தார். அவர் பர்ஸைத் திறக்க வேண்டியே வரவில்லை என்பார்கள்.

செலின் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மிரியமின் இடது கண். ஒரு வருடத்துக்கு முன் எடுத்தது. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கருவிழியின் நடுவே, கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், வெளுத்த ஒரு புள்ளி.

அதைச் சுற்றி நீல வட்டம்.

"இதைக் கண்ணாஸ்பத்திரியில டாக்டர்கிட்ட காட்டினேன் சார். அவரு என்ன கேட்டாரு தெரியுமா? இந்த வட்டத்தைப் போட்டது எந்த டாக்டர்ம்மா, கட்டி இருக்கிற இடத்திலயே போட்டிருக்காரேன்னாரு."

தயாளன் படத்தைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஆமா. நான் போட்டதுதான்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கென்ன தெரியும் என்பார், ஃபிளாஷ் பட்டால் அப்படித்தான் தெரியும் என்பார், நீ தாய் ஆயிற்றே உனக்குத் தெரியவில்லையா என்பார் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை பஸ்ஸிலேயே கோத்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

பிறகு நின்றபடியே மீதியைச் சொன்னாள்.

அந்த வட்டத்தை வாங்கிக்கொண்டு போன இரவே புள்ளியை அழித்துவிட்டாள். சுற்றியிருந்த கறுப்பை எடுத்து அதன்மேல் தடவினாள். இரண்டு நிமிட வேலை. அடுத்த வாரம் மறுபடி அதே கண்ணை எடுத்தாள். புள்ளி மறுபடி இருந்தது. ஃபிளாஷ் செய்கிற வேலை என்று நினைத்து, சாரிடம் காட்டுவதற்கு முன்னாலேயே அழித்தாள். பிறகு அதுவே பழகிவிட்டது. எடுப்பது, அழிப்பது. ஐந்து மாதம். நாற்பத்தொரு படம். கடைசிப் படங்களில் அவர் இமையோரத்தில் போட்டாரே தவிர கருவிழியில் ஒரு வட்டமும் போடவில்லை என்று அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. மிரியம் மடியில் இருந்து வாசல் பக்கம் திரும்பினாள். வாசல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. ஃபிளாஷ் இல்லை. கேமரா இல்லை.

புள்ளி இருந்தது.

"பிள்ளை கண்ணுக்குள்ள இருந்துச்சு சார். நேர்ல. அதை எதை வச்சு அழிக்கிறது?"

மறுநாளே ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றார்கள். உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளலாம், கண்ணை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவள் கேட்டாள். டாக்டர் நல்ல மனிதர். அந்தக் கேள்வி காதில் விழாததுபோல் எழுதிக்கொண்டே இருந்தார்.

தயாளன் சட்டைப் பையிலிருந்த மெழுகுப் பென்சிலை எடுத்தார். மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

செலின் சுவரைப் பார்த்தாள்.

"நிலாவில அத்தனை குழி இருக்கு. அதுக்கெல்லாம் நீங்க வட்டம் போடல. என் பிள்ளை கண்ணுக்குப் போட்டீங்க."

தயாளனும் திரும்பி நிலாவைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தார்கள்.

"நிலாவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது செலின். அதனால அதைத் தொடல. கண்ணைப் பத்தித் தெரியும்னு நினைச்சிட்டேன்."

அவள் கேமராப் பையை மேசைமேல் வைத்தாள். இனிமேல் இது எனக்கு வேண்டாம், வகுப்பில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்து, மகளைப் பார்த்து நிறுத்தினாள். சரியாகச் சொன்னால், மகளின் தலைமுடியைப் பார்த்து நிறுத்தினாள். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் மிரியமின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. முகம் கழுவும்போது காதைப் பார்ப்பாள். சோறு ஊட்டும்போது வாயைப் பார்ப்பாள். இன்னொரு கண் இருக்கிறதே. அதில் ஏதாவது தெரிந்துவிட்டால்?

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். மாதம் ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து வலது கண்ணைப் பார்ப்பார்கள். இதுவரை அதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாதமும் போகிறவரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

இதற்குள் மிரியம் தயாளனிடம் போய் நின்றுகொண்டாள்.

"இது பொம்மைக் கண்ணு. கழட்டிக் கழுவி மாட்டலாம். பாக்கிறீங்களா?"

"அப்புறம் பாக்கிறேன்மா."

"பயமா?"

"கொஞ்சம்."

"எங்க அப்பாவுக்கும்தான். அவரு அடுப்படிக்கு ஓடிட்டாரு." அம்மாவின் பக்கம் கையைக் காட்டினாள். "அம்மா பயப்படவே மாட்டா. ஆனா பாக்கமாட்டா."

செலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கூலில் சேர்க்க ஒரு படம் கேட்கிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். திங்கட்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். நேற்று ஒரு ஸ்டூடியோவுக்குப் போனாள். ஸ்டூடியோக்காரர் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கும்படி செய்து கொடுத்தார். ரொம்பச் சுத்தமாக இருந்தது. வாசலிலேயே கிழித்துப்போட்டுவிட்டாள்.

"நீ எடுக்கிறதுதானே," என்றார் தயாளன்.

"என்னால முடியாது சார்."

அவர் அவளுடைய பையைத் திறந்தார். கேமராவை எடுத்தார். கிட்டப்போய் எடுக்கிற லென்ஸ் அதில் மாட்டியிருந்தது, கழற்றி வைத்தார். வேறொன்றை மாட்டினார். ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்திலேயே பொருத்தினார். அப்படிப் பொருத்தாதே, கண்ணில் நேராக அடிக்கும், படம் கெட்டுவிடும் என்று வகுப்பில் சொல்கிறவர் அவர்தான்.

செலின் வேண்டாம் என்றாள். மிரியம் அதற்குள் ஸ்டூலில் ஏறி, முழங்கால்மேல் கை வைத்து, உதட்டை இறுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

தயாளன் கேமராவோடு ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. முதுகு சுவரில் முட்டுகிறவரை போனார். அவர் அத்தனை தள்ளி நின்று படமெடுத்ததை அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை வெளிச்சம் அடித்தது.

அச்சு வந்தது. அவர் அதை அப்படியே கொண்டுவந்து செலினிடம் நீட்டினார்.

அவள் மகளின் முகத்தைத்தான் பார்ப்பதில்லை. படத்தைப் பார்க்காமலிருக்க அவளுக்குத் தெரியாது. வாங்கிப் பார்த்தாள்.

நெற்றி, இரண்டு கண், மூக்கு, இறுக்கிய உதடு. எல்லாம் ஒரே படத்தில். பொம்மைக் கண் கறுப்பாக இருந்தது. வலது கண்ணின் நடுவே சிவப்பாகத் தணல் மாதிரி ஒன்று.

"சார், வலது கண்ணு செவந்திருக்கு. ஃபிளாஷ்." அவள் கை தன்னாலேயே கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று. "இருங்க, க்ளீன் பண்ணிடறேன்."

"பண்ணு," என்றார் தயாளன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ஆஸ்பத்திரியில டாக்டர் விளக்கடிச்சு அந்தக் கண்ணுல எதைத் தேடுறாரு?"

"உள்ள சிவப்பாத் தெரியுதான்னு பாப்பாரு. சிவப்பாத் தெரிஞ்சா நல்லா இருக்குன்னு..."

நிறுத்தினாள்.

மவுஸின்மேல் இருந்த கையை எடுத்தாள்.

"இந்தப் படம் டாக்டர் இல்ல," என்றார் அவர். "நாளைக்கு நீ போகத்தான் வேணும்."

அவளுக்கு அது கேட்டதோ என்னவோ. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேயே நின்றாள். தோள் மட்டும் அசைந்தது. மிரியம் ஸ்டூலிலிருந்து இறங்கலாமா என்று கேட்டாள். இரும்மா என்று தயாளன் கையைக் காட்டினார்.

"நாப்பத்தொரு படம் சார்," என்றாள் கடைசியில். "ஒண்ணுலகூட வலது கண்ணு இல்ல. ஜன்னல் அந்தப் பக்கம்னு எப்பவும் இடது கண்ணையே எடுத்தேன். துண்டு துண்டா."

படத்திலிருந்த வலது கண்ணை விரலால் தொட்டாள்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரெண்டு கண்ணையும் சேர்த்து எடுத்திருந்தா... ஒண்ணு சிவப்பா, ஒண்ணு வெள்ளையா... பக்கத்துல பக்கத்துல..." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சிருக்குமா சார்?"

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்பதுபோல் இருந்தது அவள் முகம்.

"தெரிஞ்சிருக்கும்," என்றார் தயாளன்.

செலின் கேமராவை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே ஓரடி பின்னால் போனாள். பிறகு இன்னும் ஓரடி.