உருட்டிப் பார்த்த மந்திரி

வெகுகாலத்துக்கு முன்னே கடலோர நாடு ஒன்றை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் பேரீச்சம்பழ மூட்டைக்குள் கைவிட்டான், தேள் கொட்டிவிட்டது. அவ்வளவுதான்!

"துறைமுகத்துக்கு வரும் எந்தச் சரக்கையும் திறந்து கொட்டிப் பார்க்காமல் உள்ளே விடாதே!" என்று உத்தரவு போட்டான்.

சுங்க அதிகாரி விடங்கருக்குக் கொண்டாட்டம். மந்திரி காரியாருக்குத் தலைவலி.

"மகாராஜா, குங்குமப்பூ மழையில் நனைந்து போச்சு. கற்பூரம் காற்றோடு போச்சு. வியாபாரிகள் கப்பலைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். எத்தனை தடவைதான் சொல்வது?"

"திறக்காமல் உள்ளே இருப்பது எப்படியய்யா தெரியும்?"

"தெரியும். அதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறேன்."

விடங்கர் சிரித்தார். "மந்திரியார் வீட்டில் நாள் முழுக்க எதையோ உருட்டுகிறாராம். அவர் மனைவி சலித்துப்போய்ப் பிறந்தகம் போய்விட்டாராம்!"

"போனது உண்மைதான்," என்றார் காரியார் எரிச்சலோடு. "சோதனை வையும்."

மறுநாள் விடங்கர் அரண்மனைக் கிடங்கிலிருந்து எண்ணெய் அடைத்த மூங்கில் குழாய்கள் பத்தைக் கொண்டுவந்தார். எல்லாம் அவரே சோதித்து, மெழுகு வைத்து, முத்திரை குத்தியவை. அவற்றில் ஒன்றில் மட்டும் எண்ணெயைக் கொட்டிவிட்டு, அதே எடைக்கு மணல் போட்டு அடைத்திருந்தார்.

"மணல் குழாயைக் காட்டும். தவறினால் பதவியை விட்டுவிடும்," என்றான் ராஜா.

காரியார் ஒரு பலகையைச் சாய்த்துவைத்துக் குழாய்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். சில விறுவிறுவென்று ஓடின. சில முக்கி முனகி நகர்ந்து பாதியில் நின்றன.

"எண்ணெய் உள்ளே வழுக்கிக்கொள்ளும், குழாய் தடையில்லாமல் ஓடும். மணல் சரிந்து உரசி ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும்," என்று சொல்லி, நின்றுபோன மூன்று குழாய்களைத் தனியே வைத்தார்.

விடங்கர் துள்ளிக் குதித்தார். "தோற்றார் மந்திரி! நான் மணல் போட்டது ஒன்றில்தானே!"

காரியாருக்கே முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "பலகை பொய் சொல்லாது. மூன்றையும் திறக்கட்டும்," என்றார்.

திறந்தார்கள். மூன்றிலும் மணல்!

ராஜா மெழுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விடங்கரே, ஒன்று நீர் போட்டது. மற்ற இரண்டும்?"

"அது... தங்கள் உத்தரவுப்படி திறந்தபோது... எவை என்று எனக்கே மறந்துபோச்சு..."

"எண்ணெய் உம் வீட்டுக்குப் போய்விட்டது. அப்படித்தானே?"

விடங்கர் தலை கவிழ்ந்தது. ராஜாவுக்கும் வெட்கம்தான்; திறக்கச் சொன்னது அவன்தானே.

உத்தரவு அன்றே ரத்தானது. துறைமுகத்துக்கு ஒரு பெரிய பலகை வந்தது, காரியாருக்குப் பட்டும் பல்லக்கும் வந்தன. அவர் அந்தப் பல்லக்கை நேரே மாமனார் ஊருக்கு விடச் சொன்னார்.

விடங்கருக்கும் வேலை கிடைத்தது. கீழே உருண்டு வரும் குழாய்களை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போய் வைக்கும் வேலை.