கனகசபை எடுத்த களை

பங்குனி பிறந்துவிட்டால் அந்த மடத்துக்கு வருகிறவர்கள் கையில் பூத்தட்டைவிடப் பூந்தொட்டிதான் அதிகம் இருக்கும். பனியில் ஒடுங்கிக் கிடந்த செடிகள் துளிர்க்கிற காலம். செடியோடு சேர்ந்து சந்தேகங்களும் துளிர்க்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் ஒரு வரிசை நிற்கும். மடத்துத் தலைவர் மாசிலாமணி மரப்பலகையில் உட்கார்ந்து தொட்டி தொட்டியாகப் பார்த்து அனுப்புவார். அவருக்கு இன்னும் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

அதுதான் கனகசபைக்கு உறுத்தியது.

கனகசபை ஐம்பதைத் தாண்டி நாளாகிவிட்டது. முன்பு தலைவராக இருந்த பெரியவரிடம் பாதி வாழ்நாள் சீடராகக் கிடந்தவர். பெரியவர் போன வருஷம் கண்ணை மூடுமுன் மடத்தை மாசிலாமணி கையில் கொடுத்துவிட்டுப் போனார். கனகசபை அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னிடம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு இருப்பது பொறாமையா, பெரியவர் மேல் உள்ள பாசமா? எவ்வளவு கிளறிப் பார்த்தும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவர் தன் கையால் வைத்த துளசி ஒன்று பின்கட்டில் மண்தொட்டியில் இருந்தது. அதைக் கனகசபை எடுத்துக்கொண்டார். "இது இருக்கிற மட்டும் நான் இங்க இருப்பேன். அதுக்கு அப்புறம் என் வழியைப் பாத்துக்கிடுதேன்" என்று சமையல்கட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியும் விட்டார். போவதற்கு அவருக்கு ஒரு வீடு கிடையாது, ஊர் கிடையாது. சொன்ன சொல் மட்டும் இருந்தது.

இந்தப் பங்குனியில் ஊரெல்லாம் துளிர்க்க, அந்தத் துளசி உதிர ஆரம்பித்தது. கனகசபை தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். புளித்த மோர் ஊற்றினார். வேப்பம்புண்ணாக்கு கரைத்து ஊற்றினார். தண்டு கட்டையாகிக்கொண்டே வந்தது. யாரிடமாவது கேட்கலாம். கேட்பதென்றால் மாசிலாமணியிடம்தான் கேட்க வேண்டும்.

பல நாள் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

முன்னால் நின்ற நூர்ஜஹான் திரும்பிப் பார்த்தாள். கீழத்தெருக்காரி. கையில் ரோஜாத் தொட்டி.

"என்ன அண்ணாச்சி, வீட்டு ஆளே வரிசையில நிக்கிய?"

"நிக்கக் கூடாதோ?"

"நில்லுங்க, நில்லுங்க. டாக்டர் வீட்டுக்காரங்களே டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரில்லா இருக்கு!"

கனகசபைக்குக் காது சூடாகியது. ஆனாலும் நகரவில்லை.

நூர்ஜஹானின் முறை வந்தது. "சாமி, இலை பூரா மஞ்சளாப் போகுது. ஒரு மொட்டுகூட இல்ல."

"தண்ணி எப்ப ஊத்துதிய?"

"ரெண்டு வேளையும். வெயில் என்னமா அடிக்குது!"

"விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க."

"சகதியாக் கெடக்கு."

"வெயில் உங்களுக்குத்தான் அடிக்குது. வேர் தண்ணிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கு. மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க. இந்தக் குச்சியெல்லாம் பாதிக்கு வெட்டணும்."

"இம்புட்டையுமா? எனக்கு மனசு வராது சாமி."

"மனசு வர்ற வரைக்கும் அது குச்சியாவே நிக்கும்."

"அப்ப நீங்களே வெட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

கத்தரியின் சத்தம் கேட்கக் கேட்க, "யா அல்லா, யா அல்லா" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மொட்டையான செடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

அடுத்தது கனகசபை.

மாசிலாமணி எழுந்திருக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "வாங்க அண்ணாச்சி. செடிக்கு என்ன?"

நூர்ஜஹானிடம் பேசிய அதே குரல். அது கனகசபைக்குச் சுருக்கென்றும் இருந்தது, ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

"காயுது."

"தண்ணி?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"பூக்கதிர் விட்டா கிள்ளி விடுவியளா?"

"பெரியவர் வச்ச செடியில நான் கத்தி வைப்பனா, நகம் வைப்பனா?"

மாசிலாமணி அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை இல்லை.

"பிழைக்குமா?" என்றார் கனகசபை.

"பிழைக்காது அண்ணாச்சி."

வேப்பம்பூ ஒன்று தொட்டி விளிம்பில் விழுந்தது. கனகசபை அதைத் தட்டிவிட்டார்.

"அப்ப நான் கெளம்ப வேண்டியதுதான்."

மாசிலாமணி போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. "இந்தச் செடிக்கு வேற என்ன செய்விய?" என்று கேட்டார்.

"களை எடுப்பேன்." அதைச் சொல்லும்போது கனகசபையின் முதுகு நிமிர்ந்தது. "ஒரு நாள் தவறினது இல்ல. தொட்டிக்குள்ள ஒரு புல்லு நிக்க விட மாட்டேன். சத்து அம்புட்டும் செடிக்கே போகணும்லா?"

"இன்னிக்கு எடுத்தாச்சா?"

"எங்க? விடிஞ்சதும் இங்க வந்து நின்னுட்டேன்."

"எடுங்க, பாப்போம்."

கனகசபை குந்தி உட்கார்ந்தார். விரல்களுக்குப் பழகிய வேலை. கட்டையின் அடியில் கடுகளவு இரண்டு இலையோடு முளை ஒன்று எட்டிப் பார்த்தது. வேர் அறாமல் நேர்த்தியாகப் பிடுங்கி எறியப் போனார். மாசிலாமணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கி, கனகசபையின் மூக்கருகில் கொண்டுபோனார்.

துளசி மணந்தது. லேசாகத்தான். ஆனால் துளசிதான்.

கனகசபை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெனமும் பிடுங்கினேனே."

"ஆமா."

"கதிருலருந்து விழுந்த விதை. அவரு செடி போட்ட விதை."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தொட்டிப் பக்கம் ஆளை அண்ட விட்டியளா நீங்க?"

கனகசபைக்கு அழுகை வரும்போல் இருந்தது. வந்தது என்னவோ சிரிப்பு. தன்னைத்தானே பார்த்துச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே வியப்பாக இருந்தது. வரிசையில் ஒருவர், "சாமி, சட்டுன்னு பாருங்க, என் கத்தரி நாத்து வாடுது" என்று குரல் கொடுத்தார். இருவரும் காதில் வாங்கவில்லை.

கனகசபை தொட்டியை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தார். மண் முழுக்க, ராத்திரியோடு ராத்திரியாக எட்டிப் பார்த்த பொடிப்பொடி முளைகள். எல்லாம் ஒன்றுபோலவே இரண்டு இலையோடு நின்றன. நீட்டிய விரல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"தம்பி, இதுல எது துளசி, எது களை? கசக்கிப் பாக்காம எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

மாசிலாமணியும் பலகையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் குந்தி வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு இலையில எனக்கும் தெரியாது அண்ணாச்சி. நாலு இலை விடட்டும்னு விட்டு வைப்பேன்."