எந்தக் கரை?

பூவனூர் ராஜா வீரகண்டருக்குக் கேள்வி கேட்பவர்களை ரொம்பப் பிடிக்கும். அதனால் அவர்களைப் பத்திரமாகச் சிறையில் வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால்தான் நொச்சிப்பட்டிக்காரர்கள் துணிந்து வந்து நின்றார்கள். அவர்களுக்காகச் செவந்தி என்ற பெண் பேசினாள்.

"மகாராஜா, ஏரிக்குக் கரை கட்டணும்னு வீட்டுக்கு வீடு வரி வாங்குனாங்க. கொடுத்தோம். கரையைத்தான் காணோம். மழை வந்தா ஊரே முங்கிப்போயிரும். எங்க வரி என்னங்க ஆச்சு?"

ராஜா முகம் சிவந்து மராமத்து மந்திரி வேதமூர்த்தியைப் பார்த்தார்.

மந்திரி புதுப் பட்டு வேட்டி சரசரக்க எழுந்தார். மகா யோக்கியர். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று பயப்படுபவர்.

"வாங்கிய வரி முழுவதும் கரைக்குத்தான் செலவாயிற்று மன்னா. குலதெய்வத்தின் மேல் ஆணை!"

"சத்தியமே செய்துவிட்டார்!" என்றார் ராஜா. சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன திருமேனியை அழைத்தார். "நீர் போய்ப் பார்த்து வாரும். கரை இருந்தால் இவர்கள் எல்லோரும் சிறைக்கு!"

திருமேனி நகரவே இல்லை. மந்திரியை மேலும் கீழும் பார்த்தார்.

"எதற்கு அலைச்சல் மன்னா? கரை இங்கிருந்தே தெரிகிறது."

"அப்படியா? எப்படி இருக்கிறது?"

"தகதகவென்று மின்னுகிறது. அகலம்தான் நாலு விரல்."

"ஏரிக்கரை நாலு விரலா?"

"ஏரிக்கரை என்று மந்திரி எங்கே சொன்னார்? கரை என்றுதானே சத்தியம் செய்தார்? பாவம், அவர் பொய்யே சொல்லவில்லை. அதோ பாருங்கள், வேட்டியில்!"

மந்திரி சரிகைக் கரையை அவசரமாக மடித்து மறைத்தார். இந்தப் பக்கம் மறைத்தால் அந்தப் பக்கம் மின்னியது.

"மழைக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று..." என்று இழுத்தார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த அங்கவஸ்திரம் சரிந்தது. அவர் பிறந்தநாளுக்கு மந்திரி ஆசையாகக் கொடுத்தது அது.

செவந்தி அதை உற்றுப் பார்த்தாள். "மகாராஜா, உங்களோடது எட்டு விரல் இருக்கும் போலிருக்கே!"

சிரிப்பு பட்டென்று நின்றது. ராஜா திருமேனியைப் பார்த்தார்.

"இப்போது என்னய்யா செய்வது?"

"கேட்டவர்களைச் சிறையில் போடுவதுதானே வழக்கம், தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஏரித் தண்ணீர் கேள்வியெல்லாம் கேட்காது மன்னா. நேராக அரண்மனைக்கே வந்துவிடும்."

ராஜா அங்கவஸ்திரத்தைக் கழற்றி வைத்தார். அதுவும் வேட்டியும் விலைக்குப் போயின. மந்திரி கோவணத்தோடு மண் சுமந்தார். மழைக்கு முன்னால் ஏரிக்கரை எழும்பியது. சிறையில் இருந்தவர்களும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். திருமேனிக்கு ராஜா ஒரு புது வேட்டி பரிசளித்தார், ஞாபகமாகக் கரை இல்லாததாகப் பார்த்து.

அதற்கப்புறம் பூவனூர் நாட்டில் எந்த அதிகாரியாவது சரிகை வேட்டியோடு ஊருக்குள் நுழைந்தால், சனங்கள் மரியாதையாக எழுந்து நின்று கேட்பார்கள்:

"ஐயா, இது எந்த ஊர் ஏரிங்க?"